கதவோரத்து ஆணி

(10-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)



இந்த மாதம் சுவர்ப் பத்திரிகைக்கு 'எங்கள் வீட்டில் ஒரு சுவர்' என்று தமிழம்மா தலைப்புக் கொடுத்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் சாமி படம் மாட்டிய சுவரை எழுதப்போவதாகச் சொன்னார்கள். மீதிப் பேர் டி.வி. மாட்டிய சுவர். நான் "குதிரைக் கொட்டகைச் சுவர்" என்று சொன்னதும் கடைசி பெஞ்சில் இருந்து கனைப்புச் சத்தம் வந்தது. யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை, பிழைத்துப் போகட்டும்.

எங்கள் வீட்டில் குதிரை இருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். கல்யாண ஊர்வலத்துக்கு சாரட் வண்டி வாடகைக்கு விடுகிறோம். அதை இழுப்பவள் செல்லி. வெள்ளை நிறம், மூக்கு மட்டும் ரோஸ் கலர். நம் ஒரகடத்தைச் சுற்றி எவ்வளவு கம்பெனி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2010-ல் ரெனோ நிசான் கார், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு பைக் என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே சான்ட்ரோ காரை வெளியே விட்டுவிட்டது. "தினமும் லட்சக்கணக்கான குதிரைசக்தி உற்பத்தி ஆகுற ஏரியாவுல, கொள்ளு திங்கிற ஒரே குதிரை நம்மளுதுதான்" என்று அண்ணன் சொல்வான். (ஒரு குதிரைசக்தி என்றால் 746 வாட். இயற்பியல் ஐயா கவனிக்க, எனக்கு ஞாபகம் இருக்கிறது.)

இனி சுவருக்கு வருகிறேன்.

என் தாத்தா கிண்டி பந்தயக் குதிரை லாயங்களில் சைஸாக இருந்தவர். சைஸ் என்றால் குதிரையைக் கவனித்துக்கொள்பவர். தேய்த்துவிடுவது, தீனி வைப்பது, நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். ஜாக்கி பெயர் பேப்பரில் வரும், சைஸ் பெயர் வராது. விடியற்காலை இருட்டிலேயே அங்கே வேலை ஆரம்பித்துவிடுமாம். அதனால் தாத்தாவுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமானையும் கண்ணால் தேட மாட்டார். கையை நீட்டுவார், அது அங்கே இருக்கும்.

எங்கள் கொட்டகையைக் கொஞ்சம் மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள். முன்னால் கதவு. உள்ளே நுழைந்ததும் ஒரு ஆள் போகிற அளவு நடை. நடைக்கு வலது பக்கம் செல்லி நிற்கும் இடம், நடுவில் மூன்று குறுக்குக் கட்டைகள் தடுப்பு. நடை போய் முடிகிற பின் சுவரோரம் வைக்கோல், தீவன மூட்டை. இடது பக்கம் நீளச் சுவர். அந்தச் சுவரில்தான் தாத்தா வரிசையாக ஆணியும் மர முளையும் அடித்து எல்லாவற்றையும் மாட்டியிருந்தார்.

பார்ப்பதற்கு அது ஒன்றும் அழகாக இருக்காது. பெரியது சின்னது என்று கலந்து கிடக்கும். ஆனால் காலையில் செய்யும் வேலை எந்த வரிசையோ அந்த வரிசையில் இருக்கும். கதவுக்கு இடது பக்கம் நிலையிலேயே ஒரு பெரிய ஆணி, அதில் தலைக்கயிறு. அடுத்து, குளம்புக்குள் மாட்டிய கல்லையும் சேற்றையும் நோண்டி எடுக்கும் வளைந்த கம்பி. அடுத்து இரும்புச் சீப்பு. தாத்தா அதை 'கராரா' என்பார், அது இந்தியில் இருந்து லாயத்துக்கு வந்த பேர். அடுத்து பிரஷ், துடைக்கும் துணி. அதற்கப்புறம் சாணம் வாரும் நாலு முள் வாரி, சவள், தென்னந்துடைப்பம். கடைசியில் கொள்ளு அளக்கும் படி. ஒரு முனையில் ஆரம்பித்து நடந்தால் மறு முனை வரும்போது வேலை முடிந்திருக்கும்.

இதற்கெல்லாம் அவர் வைத்திருக்கும் சட்டங்களைக் கேட்டால் நம் ஹெட்மாஸ்டர் ஐயாவே தேவலாம் என்று தோன்றும். முள் வாரியின் முள் சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. கீழே சாய்த்து வைக்கவே கூடாது. இரும்பு விழுந்து 'டங்'கென்று சத்தம் வந்தால் குதிரை மிரளும். மிரண்டால் முதலில் உதைக்கும், அப்புறம்தான் என்னவென்று பார்க்கும். ஆணியை நேராக அடிக்காமல் தலை கொஞ்சம் மேல் நோக்கி இருக்கும்படி சாய்த்து அடிக்க வேண்டும், அப்போதுதான் சாமான் நழுவாது. செல்லியின் கழுத்து எட்டும் தூரத்தில் எதுவுமே தொங்கக் கூடாது. அவள் உதட்டால் எதையும் கழற்றிவிடுவாள். என் தமிழ் நோட்டின் நான்கு பக்கம் அப்படித்தான் போயிற்று. அன்றைக்கு நான் சொன்னதைத் தமிழம்மா நம்பவில்லை.

தோல் சாமான் எதுவும் கொட்டகையில் இருக்காது. மூத்திரத்தில் இருந்து வரும் அம்மோனியாவும் ஈரமும் தோலைக் கெடுத்துவிடும், பூஞ்சை பூக்கும். அதனால் சேணமும் கடிவாளமும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தொங்கும். கடிவாளத்தைச் சும்மா ஆணியில் மாட்டினால் வார் மடிந்து அந்த இடத்தில் வெடிக்கும் என்று, ஒரு பால் பவுடர் டப்பாவைச் சுவரில் படுக்க வைத்து அடித்து அதன் மேல் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் "இது இன்னா டப்பா?" என்று கேட்காமல் போனதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான சட்டம் தலைக்கயிறு பற்றியது. ராத்திரி கட்டும்போது குதிரைத் தலையில் இருந்து அதைக் கழற்றிவிட வேண்டும். தாத்தா சின்ன வயசில் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம் என்றார்) தலைக்கயிற்றோடு விட்ட குதிரை ஒன்று, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியில் அந்தக் கயிறு மாட்டி, ராத்திரி முழுக்க இழுத்துப் போராடி, காலையில் கழுத்துச் சதை கிழிந்து நின்றதாம். அதில் இருந்து ராத்திரியில் கழற்றிவிடுவார். கழற்றிய கயிறு எங்கே இருக்க வேண்டும்? கதவோரத்து ஆணியில். ஏனென்றால் தீ, வெள்ளம் என்று எது வந்தாலும் குதிரை தானாக வெளியே ஓடிவராது. தனக்குத் தெரிந்த இடம்தான் பத்திரம் என்று உள்ளேயே நிற்கும், வெளியே விரட்டினாலும் திரும்ப உள்ளே போகும். அதைக் கயிறு போட்டுத்தான் கூட்டிவர வேண்டும்.

இது எல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த ஆணியில் என் துப்பட்டா இரண்டு தடவை மாட்டிக் கிழிந்தது மட்டும்தான்.

2023-ல் அண்ணன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, பக்கத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான். சேர்ந்த முதல் வாரமே 'ஃபைவ் எஸ்' என்று ஒரு வகுப்பு. வீட்டுக்கு வந்தவன் வாயைத் திறந்தால் ஜப்பான்தான். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. அதாவது வேண்டாததைப் பிரித்து விலக்கு, வேண்டியதை அதன் இடத்தில் வை, சுத்தம் செய், இதையே எல்லாருக்கும் ஒரே முறையாக்கு, யாரும் சொல்லாமலே கடைப்பிடி. ஐந்தும் 'ச', 'ஷ' சத்தத்தில் தொடங்குவதால் ஐந்து எஸ். நம் ஊரில் அப்பா, அண்ணன், அக்கா யாராவது கம்பெனி வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாம் இது தெரிந்திருக்கும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது நிழல் பலகை. ஒரு பலகையில் ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் மாட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் அதே உருவத்தைப் பெயிண்டால் வரைந்துவிடுவார்கள். யாராவது சுத்தியலை எடுத்துப் போய்த் திருப்பி வைக்காவிட்டால் அதன் நிழல் மட்டும் காலியாகத் தெரியும். யாரையும் கேட்கவே வேண்டாம், பலகையே காட்டிக்கொடுத்துவிடும். விமானம் பழுது பார்க்கும் இடங்களில் வேலை முடிந்ததும் எல்லா நிழலும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம், ஒரு ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினுக்குள் மறந்து வைத்துவிட்டால் என்ன ஆகும்! ஆபரேஷன் தியேட்டரிலும் நோயாளியை வெளியே அனுப்பும் முன் கருவி, பஞ்சு, ஊசி எல்லாம் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜூலியா சைல்டு என்று புகழ்பெற்ற சமையல் அம்மா. அவர் கணவர் சமையலறைச் சுவரில் ஒவ்வொரு வாணலிக்கும் சுற்றிக் கோடு வரைந்து வைத்தாராம். அந்தச் சமையலறை முழுவதையும் வாஷிங்டனில் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவிடம் சொன்னேன். "கோடு போட்டது அவரு, கழுவிப் போட்டது யாரு?" என்று கேட்டார்கள்.

சரி. அந்த ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் கொட்டகையில் ஃபைவ் எஸ் செய்தோம். ஒரு பிளைவுட் பலகை வாங்கி வந்தான். நீலப் பெயிண்ட் அடித்தோம். சாமான்களைத் தரையில் பரப்பி அளவு வாரியாக அடுக்கினோம், பெரியது இடது பக்கம், சின்னது வலது பக்கம். சாக்பீஸால் சுற்றி வரைந்து மஞ்சள் பெயிண்ட் அடித்தது நான். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதுவும் வரைந்ததில்லை. பலகையைப் பின் சுவரில், வைக்கோலுக்கு மேல் மாட்டினோம். கதவைத் திறந்ததும் நேராகக் கண்ணில் படும் இடம் அதுதான்.

சுவரில் இருந்த பழைய ஆணிகளை அண்ணன் பிடுங்கினான். கதவோரத்து ஆணி மட்டும் மிச்சம். "அத எடுக்காத பாப்பா" என்றார் தாத்தா, திண்ணையில் உட்கார்ந்தபடி. "ஒரு பொருளுக்கு ஒரே இடம்தான் தாத்தா. போர்டுல நிழல் வரைஞ்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே குறட்டால் நான்தான் பிடுங்கினேன். துப்பட்டா கோபமும் சேர்ந்துகொண்டது. தாத்தா அப்புறம் எதுவும் பேசவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாத்தாவுக்குச் சர்க்கரை. இடது கண் சுத்தமாகத் தெரியாது. வலது கண்ணில் புகைமூட்டம் மாதிரி தெரியும் என்பார். மஞ்சள் பெயிண்டும் நீலப் பெயிண்டும் அவருக்கு ஒன்றுதான். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் போர்டைக் காட்டினோம். அண்ணன் போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டான். நிறையக் கட்டைவிரல் விழுந்தது.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல். உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மறுநாள் லீவு விட்டார்கள். சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. அண்ணன் நைட் ஷிஃப்ட். அப்பா கம்பெனி பஸ் டிரைவர், ஆட்களை ஏற்றிப் போனவர் வழியில் தண்ணீர் என்று எங்கேயோ நிற்கிறார். வீட்டில் தாத்தா, ஆயா, அம்மா, நான். செல்போனில் சார்ஜ் இல்லை.

நடுராத்திரி இருக்கும். 'டப், டப்'பென்று பலகையை உதைக்கும் சத்தம். தாத்தா எழுந்து போகிற சத்தம் கேட்டு நானும் ஓடினேன். முற்றத்திலேயே முழங்கால் தண்ணீர். ஏரிப் பக்கம் இருந்து ஓடை மாதிரி வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. நம் பக்கம் ராத்திரி எப்போதும் கம்பெனி லைட் வெளிச்சம் வானத்தில் தெரியும் இல்லையா? அதுவும் இல்லை.

தாத்தா கொட்டகைக் கதவைத் திறந்தார். இடது கையை நீட்டினார். நிலையில் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார். ஆணி இருந்த ஓட்டையில் அவர் விரல் நின்றது.

"போர்டுல இருக்கு தாத்தா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

போர்டு பின் சுவரில். நடுவில் நடை. செல்லி உதைத்ததில் தடுப்புக் கட்டை இரண்டு கழன்று விழுந்து, அவள் நடைக்குள் வந்து குறுக்கே நின்றாள். அதுவும் பின்பக்கத்தைக் கதவுக்குக் காட்டி. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. தெரியாத இடத்தில் இருந்து யார் வந்தாலும் உதைதான். தாத்தா "செல்லி... ஓ செல்லி..." என்று பேசிக்கொண்டே, அவள் இடுப்பில் ஒரு கையை வைத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவில் நின்றேன். நின்றேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்குக் கால் நகரவில்லை.

போர்டைத் தடவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் "ஆ" என்று ஒரு சத்தம்.

நாங்கள் அளவு வாரியாக மாட்டினோம் என்று சொன்னேன் இல்லையா? சுருட்டி மாட்டிய தலைக்கயிறும் புல் அறுக்கும் அரிவாளும் ஏறக்குறைய ஒரே அளவு. பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தோம்.

அதற்கப்புறம் அவர் கயிற்றைத் தேடவில்லை. தோளில் இருந்த துண்டை உருவிச் செல்லியின் கழுத்தில், காதுக்குப் பின்னால் போட்டு, இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே ஒரே கையில் பிடித்தார். அப்படியே மெல்லத் திருப்பி, பேசிக்கொண்டே வெளியே கூட்டிவந்தார். செல்லி கன்றுக்குட்டி மாதிரி வந்தாள். எனக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் துண்டு முழுக்க ரத்தம் என்று தெரிந்தது. இருட்டில் நிறம் தெரியவில்லை, என் கையில் சூடாகப் பட்டது.

மெயின் ரோடு மேடு. அங்கே மூடியிருந்த டீக்கடைத் தாழ்வாரத்தில் விடியும் வரை நின்றோம், தாத்தா, நான், செல்லி. அம்மா தன் புடவை முந்தானையைக் கிழித்துத் தாத்தா கையில் கட்டிவிட்டு ஆயாவைப் பார்க்க வீட்டுக்குப் போனார்கள். விடிந்ததும் ஊர்ந்து ஊர்ந்து வந்த ஒன்றிரண்டு கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலைத் துடைத்துவிட்டு எங்களைப் போட்டோ எடுத்தார்கள். அதில் ஒரு பஸ்ஸில் இருந்து அண்ணன் இறங்கினான். தாத்தா கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலு தையல், ஒரு டி.டி. ஊசி.

அந்த வாரம் முழுக்க அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் பெயிண்ட் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு போர்டை அழிக்கப் போனான். தாத்தாதான் நிறுத்தினார்.

"உங்க கம்பெனில கருவிய மாட்டுறது யாரு?"

"அந்த மெஷின்ல நிக்கிற ஆப்ரேட்டர்கிட்ட கேட்டுத்தான் மாட்டணும் தாத்தா."

"இங்க ஆப்ரேட்டரு யாரு?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. தாத்தா கோபமாகக் கேட்கவில்லை என்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு ஆயா சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. போர்டு வைத்த நாளில் இருந்து தாத்தா தினமும் நாங்கள் தூங்கிய பிறகு கொட்டகைக்குப் போய், கதவில் இருந்து போர்டு வரை நடந்து பழகியிருக்கிறார். பதினோரு அடி என்று எண்ணி வைத்திருக்கிறார். கையைத் தூக்கினால் கயிறு எந்த உயரத்தில் என்று மனப்பாடம் செய்திருக்கிறார். எங்கள் மனசு நோகக் கூடாது என்று சொல்லவில்லை. அன்றைக்குத் தண்ணீரிலும், குறுக்கே நின்ற செல்லியிடமும் அந்தக் கணக்குத் தவறிவிட்டது. இதைக் கேட்டபோது நான் அழுதேன். (அழுததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தமிழம்மா இருக்கட்டும் என்றார்கள்.)

பொங்கல் லீவில் திரும்பவும் செய்தோம். இந்தத் தடவை முதல் நாள் முழுக்க எதையும் மாட்டவில்லை. தாத்தா வேலை செய்தார், நாங்கள் பின்னாலேயே நடந்து, கை எங்கே நீளுகிறது என்று சாக்பீஸால் சுவரில் புள்ளி வைத்தோம். அண்ணன் சொன்னான், செய்டன் என்பதே இதுதானாம். அடுக்கி வைப்பது இல்லை, வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கைக்குக் கிடைக்கும்படி வைப்பது. வகுப்பில் சொல்லித்தான் இருக்கிறார்கள், இவன் பெயிண்டைப் பார்த்ததில் அதைக் கவனிக்கவில்லை. நானும் கணக்கு வகுப்பில் அப்படித்தான் என்பதால் அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

மறுபடி இடது நீளச் சுவர். மறுபடி வேலை வரிசை. ஆனால் அண்ணனின் ஜப்பானில் இருந்து இரண்டு விஷயத்தைத் தாத்தாவே எடுத்துக்கொண்டார். ஒன்று, கலர். சாணம் படும் சாமான் கைப்பிடிக்குச் சிவப்பு, தீனி படும் சாமானுக்குப் பச்சை. சாணம் வாரியதைத் தீவனத்தில் விட்டால் புழு திரும்பக் குதிரை வயிற்றுக்கே போகும். தாத்தாவுக்கு வாரியைத் தொட்டாலே தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது, நான் இரண்டு தடவை மாற்றி எடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆக கலர் எங்களுக்கு.

இன்னொன்று நிழல். அதை யோசித்தது நான். பெயிண்ட் தாத்தாவுக்குத் தெரியாது, சரி. சணல் கயிறு தெரியும் இல்லையா? ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் சுற்றி ஃபெவிகால் வைத்துச் சணல் கயிறு ஒட்டி, மேலே சின்ன ஆணி அடித்தோம். கையால் தடவினால் இது சவள், இது பிரஷ், இது காலி என்று தெரியும். தாத்தா முதல் தடவை அதைத் தடவிப் பார்த்தபோது ரொம்ப நேரம் அந்த இரும்புச் சீப்பின் உருவத்தின் மேலேயே கையை வைத்திருந்தார். பிறகு "வாரு இன்னும் கொஞ்சம் நீளம்டி" என்றார். சரியாகத்தான் சொன்னார். பிரித்து ஒட்டினேன்.

அரிவாள் இப்போது சுவரிலேயே இல்லை. பழைய பிவிசி குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையை அடைத்து, வெளியே தாழ்வாரத்தில் நிற்க வைத்து அதற்குள் அலகு கீழே இருக்கும்படி செருகி வைக்கிறோம். வீச்சில் கை பட்டாலும் கைப்பிடிதான் படும்.

கதவோரத்தில் ஆணி அடிக்கவில்லை. ஆணிக்குப் பதில் வேப்ப மரத்தில் உருண்டையாக ஒரு முளை செதுக்கி அண்ணன் அடித்தான், யார் துப்பட்டாவும் கிழியாது. அதே ஓட்டையில்தான்.

எல்லாம் முடிந்ததும் பரீட்சை வைத்தோம். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு கதவில் இருந்து போய், சொல்கிற சாமானை எடுத்து வர வேண்டும். அண்ணன் வாட்ச் பார்த்தான். அம்மா சவள் கேட்டதற்கு துடைப்பத்தோடு வந்தார்கள், "எனக்கு இதுதான் பழக்கம்" என்றார்கள். அப்பா செல்லியின் மேல் மோதினார். அண்ணன் குளம்புக் கம்பியை 14 வினாடியில் எடுத்தான், நான் 12. தாத்தாவுக்குக் கண்ணைக் கட்டவில்லை. தலைக்கயிறு என்று சொல்லி முடிப்பதற்குள் கையில் வைத்திருந்தார்.

அண்ணன் இந்தக் கயிறு ஒட்டும் யோசனையைக் கம்பெனியில் 'கைசன்' பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறான். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, பதில் வரவில்லை. தாத்தா கேட்டால் "பரிசீலனையில இருக்கு" என்கிறான்.

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை அரசு ரத்து செய்து அந்த 160 ஏக்கர் நிலத்தையும் எடுத்துக்கொண்ட செய்தி டி.வி.யில் வந்தது. பார்க் வரும், மழைத் தண்ணி தேங்கக் குளம் வெட்டுவார்கள் என்றார்கள். வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது வேண்டும்தான் என்று தாத்தாவும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அடிச்ச முளை அங்க ஒரு செவுத்துல கீது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, தூங்கப் போய்விட்டார்.

தினமும் ராத்திரி படுக்கும் முன் தாத்தா குரல் கொடுப்பார்: "கயிறு கீதா?" நான் போய் முளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "கீது தாத்தா" என்பேன். போகாமலே ஒருநாள் சொன்னேன். "போய்த் தொட்டுட்டு சொல்லு" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

பக்கத்தில் எங்கள் சுவரை வரைந்திருக்கிறேன். ஸ்கெட்ச் பேனா தீர்ந்துபோனதால் பச்சை கொஞ்சம் மங்கலாக இருக்கும், மன்னிக்கவும். வேண்டுமென்றே ஒரு நிழலைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே என்ன தொங்க வேண்டும் என்று கண்டுபிடிப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் 10-அ வகுப்பில் வந்து சொல்லலாம். கனைத்தவரும் வரலாம். முதலில் சொல்பவருக்குச் செல்லி மேல் ஒரு சுற்று, தாத்தா கயிறு பிடிப்பார்.